மலிவு விமான டிக்கெட்: இருக்கை, தண்ணீர், கைப்பை என்று தனித்தனியே காசு வாங்குவது முறைதானா?

மன்னார்குடி ஓய்வாசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்களோடு மன்னார்குடியில் தங்கிப் படிக்கும் ஒன்பது வயதுப் பேரனை விடுமுறைக்கு அவன் பெற்றோரிடம் அழைத்துச் செல்வதற்காக, நானும் என் மனைவியும் சென்ற வாரம் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு மலிவுக் கட்டண விமானத்தில் வந்தோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் என்று என் மருமகன் சொல்கிறார். எதற்குக் காசு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, எதற்கு இல்லை என்ற தெளிவுதான் எனக்கு வேண்டும்.

மூவருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் எடுத்தேன். முதலில் காட்டிய விலைக்கும் பணம் கட்டும் பக்கத்தில் இருந்த விலைக்கும் நடுவில், ஆளுக்கு 350 ரூபாய் வீதம் 'வசதிக் கட்டணம்' என்று 1,050 ரூபாய் ஏறியிருந்தது. நானே கணினியின் முன் உட்கார்ந்து, நானே பெயர்களைத் தட்டி, நானே பணமும் கட்டும்போது அது யாருடைய வசதி என்று எனக்கு விளங்கவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் இணையத்திலேயே பயணத்தை உறுதிசெய்து இருக்கை பெறும் வெப் செக்-இன் செய்யப் போனால், இருக்கைப் படத்தில் விலை போடாத இருக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பேரன் எங்கேயோ தனியாக உட்கார நேருமோ என்ற பயத்தில், அடுத்தடுத்த மூன்று இருக்கைகளை 1,150 ரூபாய் கொடுத்து எடுத்தேன்.

விமான நிலையக் கவுண்டரில் எங்கள் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 32 கிலோதான் இருந்தன. அங்கே ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் விமானத்தில் ஏறும் வாயிலில் மனைவியின் கைப்பையை வாங்கித் தராசில் வைத்தார்கள். 9 கிலோ இருக்கிறது, 7 கிலோவுக்குத்தான் அனுமதி என்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மகளுக்காகக் கும்பகோணத்தில் வாங்கிய வெண்கலப் பானை அந்தப் பையில் இருந்தது. கடைக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசிக் குறைத்த தொகை அந்த வாயிலிலேயே போய்விட்டது.

அதோடு விமானம் 2 மணி 20 நிமிடம் தாமதம். காபிகூட யாரும் கொடுக்கவில்லை. உள்ளே ஏறியபின், மாத்திரை போட்டுக்கொள்ள மனைவி தண்ணீர் கேட்டார். பணிப்பெண் விலைப்பட்டியலில் பாட்டிலைக் காட்டினார். சும்மா தரும் தண்ணீர் கிடையாதா என்று நான் கேட்ட பிறகே காகிதக் குவளையில் வந்தது. அது எங்கள் உரிமையா, அவர் காட்டிய இரக்கமா என்று இன்னும் தெரியவில்லை.

ஆக, டிக்கெட் விலைக்கு மேல் 3,400 ரூபாய். இன்னும் பத்து நாளில் இதே நிறுவனத்தில்தான் திரும்புகிறோம். இவற்றில் எதைத் தவிர்த்திருக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருச்சி டிக்கெட் ஏஜென்ட்:

ஐயா, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக டிக்கெட் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதை வாரத்துக்கு நான்கு பேராவது என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நம் நாட்டில் பொதுவாக விமானக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 135ஆவது விதி, செலவையும் சேவையின் தன்மையையும் நியாயமான இலாபத்தையும் கருத்தில் கொண்டு கட்டணம் வைக்கும் பொறுப்பை நிறுவனத்திடமே விட்டிருக்கிறது. அதற்கு மேல், டிக்கெட்டிலிருந்து எந்தெந்தச் சேவைகளைப் பிரித்துத் தனியாக விற்கலாம் என்று விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ சுற்றறிக்கை மூலம் பட்டியல் கொடுத்திருக்கிறது. விரும்பிய இருக்கை, சாப்பாடு, ஓய்வறை, செக்-இன் பெட்டி, விளையாட்டுக் கருவி, இசைக் கருவி ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெட்டியே இல்லாமல் பயணம் செய்பவருக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்கலாம் என்று 2021 பிப்ரவரியில் வந்த அனுமதியும் இதே வகைதான். ஆகவே இருக்கைக்கு விலை வைத்ததே தவறு என்று வாதிட முடியாது.

ஆனால் அதே சுற்றறிக்கையில், நிறுவனங்கள் பெரிய எழுத்தில் போடாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும் காசு வாங்கலாம் என்று சொல்லும் வரியிலேயே குடிநீருக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எனவே அம்மாவுக்குக் குவளையில் வந்த தண்ணீர் உங்கள் உரிமைதான்; பாட்டிலை விற்கலாம், தண்ணீரை மறுக்கக் கூடாது. இரண்டாவது, இந்தத் தனிச் சேவைகள் எல்லாம் பயணி தானாகக் கேட்டு எடுப்பவையாக இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்து, வேண்டாதவர் தேடி நீக்கட்டும் என்று விடக் கூடாது.

உங்களை மாட்டவைத்த இடம் இருக்கைப் படம்தான். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு, காசு கட்டினால்தான் விமானத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றே அதை வரைந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. உண்மையில் நீங்கள் டிக்கெட் வாங்கியபோதே உங்களுக்கு ஒரு இருக்கை உண்டு. எந்த இருக்கை என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அந்தக் காசு. 2018 நவம்பரில் வெப் செக்-இன்னில் எல்லா இருக்கைகளுக்கும் விலை போட்டபோது பெரிய கூச்சல் எழுந்து விமானப் போக்குவரத்து அமைச்சகமே தலையிட்டது. கவுண்டருக்கு வந்தால் இலவசமாகவே இருக்கை தருகிறோம் என்று அப்போது பதில் வந்தது. பிறகு கவுண்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுக் கொடுக்க 200 ரூபாய் வாங்கிப் பார்த்தார்கள். அது விதிகளுக்குப் பொருந்தாது என்று 2022 ஜூலையில் அமைச்சகம் தடுத்துவிட்டது. ஆக, விலை போட்ட படத்தைத் தாண்டிச் செல்லும் வழி தெரியாவிட்டால், நேரத்தோடு கவுண்டருக்குப் போய்விடுங்கள். அங்கே இருக்கையும் அட்டையும் காசில்லாமல் கிடைக்க வேண்டும்.

பேரனைப் பற்றிய பயம் உங்களுக்குத் தேவையே இல்லை. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்றும், அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் 2024 ஏப்ரலில் டிஜிசிஏ கூறியது. பாதுகாவலர் என்பதில் தாத்தா பாட்டியும் அடங்குவர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர்தான் பக்கத்தில் இருப்பார், இருவரும் அல்ல. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்தில் நீங்கள் நூலிழையில் தவறிவிட்டீர்கள். அட்டவணைப்படி பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால், இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே சிற்றுண்டி தர வேண்டும். இரண்டரையைத் தாண்டி ஐந்து மணிக்குள் இருந்தால் மூன்று மணி நேரம் தாமதமாக வேண்டும். சென்னை–டெல்லி இரண்டாவது வகை. இதே 2 மணி 20 நிமிடம் சென்னை–மதுரை விமானத்தில் தாமதமாகியிருந்தால் இட்லியோ பொங்கலோ கேட்டு வாங்கியிருக்கலாம்.

வசதிக் கட்டணத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் சேவைக் கட்டணம் வாங்கினால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர், அதைவிட அதிகமாக வலைத்தளத்தில் சத்தமில்லாமல் கட்டுகிறார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முன்னாள் கவுண்டர் ஊழியர்:

ஏஜென்ட் நண்பர் சொன்ன விதிகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'மாட்டவைத்த இடம்' என்று எழுதியதைப் படித்தபோது, எட்டு ஆண்டுகள் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கியவள் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லத் தோன்றியது.

கேப்டன் கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தைத் தொடங்கியபோது, விமானத்தில் சாப்பாடு கிடையாது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை விமானப் பயணம் என்றால் தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கொண்டுவரும் உணவும் சேர்ந்ததே என்று இருந்தது. அந்தத் தட்டுக்கான விலையை எல்லாரும் கொடுத்தார்கள், சாப்பிடாதவரும் கொடுத்தார். பெட்டி இல்லாமல் கைப்பையோடு அலுவலக வேலைக்குப் போய்வருபவர், நான்கு பெட்டிகளோடு திருமணத்துக்குப் போகும் குடும்பத்தின் சுமைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அதைப் பிரித்ததால்தான் ஆம்னி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பலர் விமானத்தில் ஏற முடிந்தது. பிரித்தது தவறில்லை என்பது இன்றும் என் எண்ணம். பிரித்த பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் விலையை ஏற்றிக்கொண்டே போனதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அதற்குக் கவுண்டரில் நிற்பவரிடம் பதில் இருக்காது.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் 180 முதல் 186 பேர் வரை உட்காருகிறார்கள். தலைக்கு மேலுள்ள அறைகளில் அத்தனை பேருடைய பைகளுக்கும் இடம் இருக்காது. ஒரு விமானம் வந்து இறங்கி, அரைமணி நேரத்தில் மீண்டும் புறப்பட வேண்டும். கடைசியில் ஏறும் இருபது பேர் பைக்கு இடம் தேடி நடைபாதையில் நின்றால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். அதனால்தான் வாயிலில் தராசு வைத்திருக்கிறோம்.

ஐயா, உங்கள் 1,200 ரூபாய் வீணாகப் போனது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மூவருக்கும் ஒரே பி.என்.ஆர். என்றால் தலைக்கு 15 கிலோ வீதம் 45 கிலோ வரை கவுண்டரில் போட்டிருக்கலாம். பெரும்பாலும் ஒன்றாகச் சேர்த்தே கணக்கிடுவார்கள். நீங்கள் போட்டது 32. பானையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது. கவுண்டரைத் தாண்டிவிட்டால் பெட்டி பெல்ட்டில் போய்விடும்; அதன் பிறகு வாயிலில் நிற்பவருக்கு உங்கள் 45 கிலோ கணக்கு தெரியாது, கையில் உள்ள 9 கிலோதான் தெரியும்.

கவுண்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று போட்டுக்கொண்டு எடையைக் குறைப்பவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவசரத்தில் ஊறுகாய்ப் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் செருகுவார்கள். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய் என்று ஒரு பையன் அழுததுண்டு. அந்த வாரம் முழுவதும், பெட்டியின் எடை ஒரு கிலோ கூடினால் தராசைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

டோர்ட்முண்ட் வாசகர்:

இங்கே ஐரோப்பாவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போயிருப்பதால், அதைப் பற்றிச் சில வார்த்தைகள். பயணப் பொதிகள் பற்றிய வழக்கொன்றில் 2014 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்பெயினின் வூலிங் நிறுவனம் தொடர்பான வழக்கு அது. விமானத்தின் அடியில் ஏற்றும் பொதிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். ஆனால் கையில் கொண்டுசெல்லும் பொதி பயணத்துக்கு இன்றியமையாதது, அளவும் எடையும் நியாயமாக இருந்தால் அதற்கு மேலதிகக் காசு கேட்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

'நியாயமான அளவு' எது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நிறுவனங்கள் அந்த ஓட்டையிலேயே குடியேறிவிட்டன. இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பை மட்டும் இலவசம், சக்கரம் வைத்த சிறு பெட்டிக்குக் காசு என்றாயிற்று. அயர்லாந்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ரையன்எயார் பல ஆண்டுகளாக 40, 25, 20 சென்ரிமீற்றர் அளவையே அனுமதித்து, 2025இல்தான் 40, 30, 20 என்று சற்றே பெருப்பித்தது. பாடசாலைப் பிள்ளையின் புத்தகப் பை அதைவிடப் பெரியது. இதற்காகவும் இதுபோன்ற வேறு கட்டணங்களுக்காகவும் 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 179 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அதில் ரையன்எயாரின் பங்கு மட்டும் 107 மில்லியனைத் தாண்டியது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடுகின்றன.

உங்கள் நாட்டு அமைச்சகம் 200 ரூபாயைத் தடுத்ததாக நண்பர் எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒருங்கே வந்தன. இங்கே இணையத்தில் செக்-இன் செய்யாமல் விமான நிலையத்துக்குப் போனால் ரையன்எயார் 55 யூரோ வாங்குகிறது. 2025 நவம்பர் 12 முதல் காகித அட்டையே கிடையாது, கைப்பேசியில்தான் எல்லாம். என் மாமியார் போன்றவர்கள் பேரப்பிள்ளைகளின் உதவி இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. அந்த நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஓலியரி 2009இல் விமானத்துக் கழிப்பறைக்கும் ஒரு பவுண் வாங்கலாம் என்று பேசி உலகமெங்கும் செய்தியானார். வாங்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சுக்குக் கிடைத்த விளம்பரத்துக்கு அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

கவுண்டரில் இருந்த சகோதரிக்கு ஒரு கேள்வி: பொதி கொண்டுவராதவர் மற்றவருக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை என்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் விமானத்துக்குக் கூடுதலாக என்ன செலவாகிறது?

முன்னாள் கவுண்டர் ஊழியர்:

ஒன்றும் செலவாகாது, அண்ணா. பொதிக்குச் சொன்ன நியாயம் இருக்கைக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடைக்கு எரிபொருள் செலவாகிறது. பக்கத்து இருக்கைக்கு எதுவும் ஆவதில்லை. அங்கே விலை வைத்திருப்பது பிரிந்துவிடுவோமோ என்ற பயத்துக்குத்தான்.

கிள்ளான் வாசகர்:

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு. டோனி ஃபெர்னாண்டஸ் 2001இல் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியா விமான நிறுவனத்தை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார். அது திருச்சிக்குப் பறக்கத் தொடங்கிய பிறகுதான், எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்கள் பாட்டன் பிறந்த ஊரைப் போய்ப் பார்த்தன. உணவு, தண்ணீர், பெட்டி எல்லாவற்றுக்கும் காசுதான், தெரிந்துகொண்டுதான் ஏறுகிறோம். 2016ஆம் ஆண்டின் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு வந்தபின், வரி உட்பட முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும், கேட்காத சேவையைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றாகிவிட்டது. எனக்கு அது போதும். பாட்டனார் கப்பலில் வந்தபோது சாப்பாடு இலவசமாகத்தான் இருந்திருக்கும். திரும்பிப் போகத்தான் காசு இல்லை.

திருச்சி டிக்கெட் ஏஜென்ட்:

ஐயாவுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டிக்கெட்டை எப்போதாவது ரத்து செய்ய நேர்ந்தாலோ, விமானத்தைத் தவறவிட்டாலோ, 'பணம் திரும்பாது' என்று போட்ட டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தையும் வரிகளையும் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டி, அதற்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கவும் கூடாது. கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. டிக்கெட்டின் விலை விவரத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்; மலிவு டிக்கெட்டுகளில் சில சமயம் அந்தத் தொகையே கணிசமாக இருக்கும்.

இருக்கைக் காசைப் பற்றி, விமானப் பயணிகளின் புகார்களுக்காக அரசு நடத்தும் ஏர்சேவா தளத்தில் எழுதிப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மன்னார்குடி ஓய்வாசிரியர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஊர் வந்து சேர்ந்தோம். கடன் பாக்கி போல இதை எழுதிவிடுகிறேன்.

திரும்பும்போது வெப் செக்-இன் பக்கத்தைத் திறக்கவே இல்லை. டெல்லி விமான நிலையத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பேரனின் வயதைச் சொன்னேன். விதி எண்ணையெல்லாம் சொல்லத் தயாராக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. அவர் தட்டிப் பார்த்துவிட்டு, பாட்டிக்கும் பேரனுக்கும் 28ஆவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்தார். எனக்கு 31இல் நடு இருக்கை. ஜன்னல் கிடைக்கவில்லை என்று பேரனுக்குத்தான் மனக்குறை. சகோதரி சொன்னபடி கனமானவற்றையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, ஐந்தரைக் கிலோ கைப்பையோடு வாயிலுக்குப் போனோம். தராசு இருந்தது, எடை போட ஆள் இல்லை.

ஏர்சேவாவில் எழுதிய புகாருக்கு நிறுவனத்தின் பதில் இன்று காலை வந்தது. 1,150 ரூபாயைத் திருப்பித் தர இயலாது, ஏனெனில் அந்த இருக்கைகள் பயணி தம் விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுத்தவை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பணம் கட்டும் இரவில், "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, பிள்ளையைத் தனியாக விட முடியாது" என்று பக்கத்தில் நின்று சொன்னவர் அவர்தான். இதை மேல்முறையீடு செய்வதானால் அந்த 'விருப்பம்' என்ற சொல்லைப் பற்றி எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். முப்பத்தோராண்டு தமிழ் நடத்தியவனுக்கு இந்த ஒரு சொல்லுக்கு மறுப்பு எழுத வரவில்லை.